அரங்கேறாத அரசி: முதலாம் எலிசபெத்தை எழுத்தும் மேடையும் கண்ட விதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு வித்து ஒரு வகுப்பறைக் கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஜான், ரிச்சர்ட், ஹென்றி, மறுபடியும் ஹென்றி என்று பலகை நிறைந்துகொண்டே வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, இத்தனை ராஜாக்களை எழுதினாரே, தன்னை ஆண்ட ராணியை மட்டும் ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார். "ஆளும் அரசியை மேடையில் காட்ட முடியாதம்மா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். பதில் தவறில்லை. ஆனால் அது அந்தக் கேள்வியின் வாசற்படியைத்தான் தொட்டது. உள்ளே போக எனக்கு நெடுநாள் பிடித்தது. போனபோது கண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். 1558 நவம்பர் 17 முதல் 1603 மார்ச் 24 வரை நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் எலிசபெத். அவர் உயிரோடு இருந்தவரை கவிஞர்களும் நாடகக்காரர்களும் அவருடைய அதிகாரத்தைப் பாடினார்கள். பெயரை மறைத்துப் பாடினார்கள். அவர் இறந்தபின் பெயரைச் சொல்லி மேடையேற்றினார்கள்; அதிகாரம் கையில் இல்லாத நேரங்களைத் தேடித் தேடி ஏற்றினார்கள். பெயர் வந்தபோது அதிகாரம் போய்விட்டது. இது தற்செயலாக நடந்ததென்று நான் நினைக்கவில்லை.

1. வீதியே முதல் மேடை

1559 ஜனவரி 14, முடிசூட்டுக்கு முந்தைய நாள். இருபத்தைந்து வயது அரசி லண்டன் நகர வீதிகளில் ஊர்வலம் போகிறார். வழியில் நகரத்தார் காட்சிமேடைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். முதல் மேடையில் மூன்று அடுக்குகள். கீழே அவருடைய பாட்டனும் பாட்டியும், நடுவில் தந்தை எட்டாம் ஹென்றியும் தாய் ஆன் பொலினும், உச்சியில் எலிசபெத்தாக ஒருவர். ஆன் பொலின் 1536-இல் தலை வெட்டப்பட்டவர். இருபத்து மூன்று ஆண்டுகள் அரசவையில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய அந்தப் பெயரை, மகளின் ஊர்வலத்தில் நடுத்தெருவில் அரசியாக உட்கார வைத்தார்கள். மகளின் பிறப்பு முறையானதே என்று சொல்ல வேறு வழி அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

அங்கே அரசியாக அமர்ந்தவர் அமர்ந்தே இருந்தார். பொருள் விளக்கிச் சொன்னது ஒரு சிறுவன். தேர் நின்றது, கூட்டத்தின் இரைச்சலில் சொல் காதில் விழாதபோது அமைதி காக்கச் சொல்லிக் கேட்டார் அரசி. இன்னொரு மேடையில் காலத்தின் மகளாகிய உண்மை என்னும் பாத்திரம் ஆங்கில விவிலியத்தை அவரிடம் சேர்ப்பித்தது. அவர் அதை முத்தமிட்டு மார்போடு அணைத்துக்கொண்டார். நாடகம் பார்க்க வந்தவரே அதில் முக்கிய நடிகரும் ஆகிவிட்டார்.

கடைசி மேடைதான் என் வாதத்துக்கு முக்கியம். விவிலியத்தில் இஸ்ரவேலுக்கு நீதி வழங்கிய தெபோராள் அதில் அமர்ந்திருந்தார். முந்தைய ஆண்டுதான் ஜான் நாக்ஸ் பெண்ணாட்சியே இயற்கைக்கு விரோதம் என்று புத்தகம் எழுதியிருந்தார். அதற்கு நகரத்தாரின் மறுப்பு அது. ஆனால் அந்தத் தெபோராளுக்கு நாடாளுமன்ற உடை அணிவித்திருந்தார்கள். பிரபுக்கள், குருமார், பொதுமக்கள் என மூவகையினரும் சுற்றி நின்றார்கள். நீங்கள் ஆளலாம், எங்களைக் கலந்துகொண்டு ஆளுங்கள் என்பது செய்தி. வாழ்த்துக்குள் ஒரு நிபந்தனை இருந்தது. சில நாட்களுக்குள் இந்த ஊர்வலத்தின் வருணனை சிறு நூலாக அச்சாகியும் விட்டது. வீதிக்கு வராதவர்களும் அந்த நிபந்தனையைப் படித்தார்கள்.

2. புகழ்ச்சி என்னும் விண்ணப்பம்

அடுத்த முப்பது ஆண்டுகள் அரசியின் முன் நடந்த நாடகங்களில் மேலானவை இந்த வகையைச் சேர்ந்தவையே. 1562 ஜனவரியில் இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கல்விக்கூடத்தார் அரண்மனையில் 'கார்படக்' நாடகத்தை நடித்தார்கள். பழங்கால அரசன் ஒருவன் நாட்டை இரு மகன்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறான். தம்பி அண்ணனைக் கொல்கிறான், தாய் தம்பியைக் கொல்கிறாள், இறுதியில் வாரிசே இல்லாமல் நாடு சிதறுகிறது. எழுதியவர்களில் ஒருவரான தாமஸ் நார்ட்டன் நாடாளுமன்ற உறுப்பினர். மணமாகாத அரசியின் எதிரே இதை நடித்துக்காட்டிய மறு ஆண்டே, மணம் செய்துகொள்ளுங்கள், வாரிசைத் தீர்மானியுங்கள் என்று நாடாளுமன்றம் அவரிடம் விண்ணப்பம் வைத்தது. ஒரே கோரிக்கை, முதலில் நாடகமாக, பிறகு மனுவாக.

1575 ஜூலையில் கெனில்வர்த் கோட்டையில் நடந்ததை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். லெஸ்டர் கோமகன் ராபர்ட் டட்லி அரசியைப் பத்தொன்பது நாள் விருந்தினராக வைத்துக் கொண்டாடினார். அரசியை மணக்கும் ஆசையைப் பல்லாண்டு சுமந்தவர் அவர். அரசி கோட்டைக்குள் நுழையும்போது, ஏரியின் நங்கை என்னும் வேடத்தில் ஒருவர் நீரின் மேல் மிதந்து வந்து, ஆர்தர் மன்னன் காலத்திலிருந்து தான் காத்த ஏரியை அவருக்கே கொடுப்பதாகச் சொன்னார். அரசி நன்றி கூறிவிட்டு, இந்த ஏரி நம்முடையது என்றல்லவா இதுவரை நினைத்திருந்தோம், உன்னுடையது என்கிறாயா என்று கேட்டதாக உடனிருந்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். எழுதிக் கொடுத்த வசனத்துக்கு எழுதாத பதில்! நாட்டில் உள்ள ஏரி எவருடையது என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

அதே விழாவுக்காகக் கவிஞர் ஜார்ஜ் கேஸ்காய்ன் இன்னொரு நாடகமும் எழுதியிருந்தார். கன்னித் தெய்வம் டயானா, காணாமல்போன தன் தோழி சபேட்டாவைத் தேடி வருகிறாள். எலிசபெத் என்ற பெயரின் பின்பாதியைக் கொண்டு செய்த பெயர் சபேட்டா. முடிவில் திருமணத் தெய்வம் ஜூனோவின் தூதி வந்து, டயானாவின் பேச்சைக் கேட்காதே, மணமே மேல் என்கிறாள். நடிகர்கள் வேடம் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நாடகம் நடக்கவில்லை. தக்க சமயமும் வானிலையும் வாய்க்கவில்லை என்று கேஸ்காய்ன் பின்னர் அச்சிட்டார். மழை மட்டும் காரணமாயிருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. விண்ணப்பம் அளவு மீறியிருந்தது. அதைப் பார்க்க அரசிக்கு விருப்பமில்லை.

இதற்கு நேர் எதிரானது ஜார்ஜ் பீலின் 'பாரிஸ் மீதான விசாரணை', 1584-இல் அச்சானது. மூன்று தேவியருள் யார் அழகி என்ற பழைய கிரேக்க வழக்கு மறுவிசாரணைக்கு வருகிறது. எலிசா என்ற நங்கைக்கே பொன்பந்து உரியது என்று தீர்ப்பாகிறது. டயானாவாக நடித்த சிறுவன் அந்தப் பந்தை எதிரே வீற்றிருந்த அரசியின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறான். நாடகம் மேடையில் முடியாமல் அரியணையில் போய் முடிகிறது. அரசியை மேடையேற்ற முடியாதபோது மேடை இறங்கி வந்து அரசியிடம் சேர்ந்தது.

3. அகத்தின் மொழி, புறத்தின் காரியம்

சிந்தியா, டயானா, அஸ்ட்ரேயா, பெல்ஃபீபி, குளோரியானா என்று அவருக்குப் புனைபெயர்கள் பெருகின. பெரும்பாலானவை காதல் கவிதையிலிருந்தும் ஆயர் பாடலிலிருந்தும் எடுத்தவை. தலைவி எட்டாத உயரத்தில் நிற்பாள், தலைவன் ஏங்குவான். பதவி கேட்கும் பிரபு அந்த ஏக்கத்தின் மொழியில் தன் மனுவை எழுதினான். வால்டர் ராலே இதில் தேர்ந்தவர். அரசியின் பணிப்பெண்ணை இரகசியமாக மணந்த குற்றத்துக்காக 1592-இல் சிறை வைக்கப்பட்டார். தம்மைக் கடலாகவும் அரசியைச் சிந்தியா என்னும் நிலவாகவும் வைத்து அவர் பாடிய நெடும்பாடல் முற்றுப்பெறாமல் நின்றுபோனது. காதலனின் புலம்பலாக அதைப் படித்தால் பாதிதான் விளங்கும். பதவி இழந்தவனின் மன்றாட்டு அது.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது நம் இலக்கணம். நெடுநல்வாடை பிரிவில் வாடும் தலைவியைப் பாடியும், வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிக்கொடுப்பதால் அது புறமாகக் கொள்ளப்பட்டது. எலிசபெத் காலத்துக் கவிதையிலும் ஒரு பிறைநிலாவோ ஒரு பீனிக்ஸ் பறவையோ அந்த வேம்பின் வேலையைச் செய்தது. இரண்டு மரபுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. அங்கே எவரும் வகுத்து எழுதாத ஒரு வழக்கத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது, அவ்வளவே.

எட்மண்ட் ஸ்பென்சரின் 'தேவதை அரசி' இந்த மரபின் சிகரம். முதல் மூன்று நூல்கள் 1590-இல் வந்தன. மறு ஆண்டு கவிஞருக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுன் உதவித்தொகை கிடைத்தது. ராலேக்கு எழுதிய கடிதத்தில் ஸ்பென்சரே திறவுகோலைத் தந்துவிடுகிறார். அரசிக்கு இரண்டு நிலைகள்: ஆட்சி செய்பவர் என்ற நிலையில் குளோரியானா, பெண் என்ற நிலையில் பெல்ஃபீபி. பெல்ஃபீபி காட்டில் வேட்டையாடுகிறாள். அவளை அங்கம் அங்கமாக வருணித்திருக்கிறார். குளோரியானா? எழுதி முடித்த ஆறு நூல்களில் ஓரிடத்திலும் நேரில் வருவதில்லை. ஆர்தர் அவளைக் கனவில் காண்கிறான். வீரர்கள் அவள் ஏவிய பணிக்குப் புறப்படுகிறார்கள். அவள் அவை எங்கோ இருக்கிறது. காவியத்தின் தலைவியே காவியத்துக்கு வெளியே நிற்கிறார். ஆளும் பெண்ணை நேர்முகமாகக் காட்ட அந்தக் காலத்தின் பெருங்கவிஞருக்கும் கை எழவில்லை என்று இதைப் படிக்கிறேன்.

புனைபெயர் பாதுகாப்பான திரை என்றும் சொல்ல முடியாது. 1596-இல் வந்த பகுதியில் டூயஸ்ஸா என்பவளின் விசாரணை வருகிறது. அது 1587-இல் கொல்லப்பட்ட தன் தாய் மேரியைத்தான் குறிக்கிறது என்று ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் உடனே கண்டுகொண்டார். கவிஞரைத் தண்டிக்க வேண்டும் என்று இங்கிலாந்துக்குச் சொல்லியனுப்பினார்.

4. அச்சம்

மாணவிக்கு நான் சொன்ன பதிலின் சட்ட அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1559 மே மாத அரசாணை, மதத்தையும் நாட்டின் ஆட்சியையும் பற்றிய நாடகங்களை அனுமதிக்கக் கூடாது என்று ஊர் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டது. 1580-களில் இருந்து நாடகங்களைப் பார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பு எட்மண்ட் டில்னி என்ற அரண்மனை அலுவலரிடம் இருந்தது. ஆனாலும் சட்டத்தைவிடக் கூர்மையாக வேலை செய்தது பார்வையாளரின் கூச்சம். 1599-இல் பென் ஜான்சன் தன் நகைச்சுவை நாடகம் ஒன்றின் முடிவில் அரசியின் உடையில் ஒரு நடிகரை நிறுத்தினார். அரசியைக் கண்டதும் பொறாமைக்காரன் மனம் திருந்துவதாகக் காட்சி; துதிதான். அதற்கும் எதிர்ப்புக் கிளம்பியது. முடிவை மாற்றினார், நூலை அச்சிட்டபோது தம் நியாயத்தையும் எழுதிச் சேர்த்தார்.

1601 பிப்ரவரி 7 அன்று எசெக்ஸ் கோமகனின் ஆட்கள் ஷேக்ஸ்பியரின் குழுவுக்கு வழக்கமான வரும்படிக்கு மேல் நாற்பது ஷில்லிங் கொடுத்து, இரண்டாம் ரிச்சர்ட் அரியணை இழக்கும் பழைய நாடகத்தை நடிக்கச் செய்தார்கள். மறுநாள் எசெக்ஸ் கலகம் செய்தார். அந்த மாதம் 25-ஆம் தேதி தலை இழந்தார். ரிச்சர்ட் முடி துறக்கும் காட்சி, அரசி வாழ்ந்த காலத்தில் வந்த எந்த அச்சுப் பதிப்பிலும் இல்லை. 1608-இல்தான் அச்சேறியது. இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆண் அரசன் முடியைக் கழற்றுவதுகூட அரியணையில் இருந்த பெண்ணைத் தொட்டது. அவருடைய அதிகாரம் எவ்வளவு மெய்யானதாக உணரப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று நான் தேட மாட்டேன்.

5. இறந்தபின் கிடைத்த பெயர்

1603-இல் அரசி மறைகிறார். இரண்டே ஆண்டில் தாமஸ் ஹேவுட்டின் நாடகம் அச்சாகிறது. அதில் எலிசபெத் என்ற பெயரிலேயே பாத்திரம் வருகிறது. வேடம் கட்டியது சிறுவன், அந்த மேடையில் பெண்கள் நடிப்பதில்லை. கதை? ஆட்சிக் காலம் என்று எதிர்பார்ப்போம். கதையோ அதற்கு முந்தையது. அக்காள் மேரி ஆண்டபோது இளவரசி சந்தேகத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்ட துயரம். நோயில் கிடக்கிறாள், அழுகிறாள், பிரார்த்திக்கிறாள். உறங்கும்போது அவளைக் கொல்ல வருபவர்களை வானதூதர்கள் விரட்டி, விவிலியத்தை அவள் கையில் வைக்கிறார்கள். முடி தலைக்கு வந்ததும் நாடகம் முடிந்துவிடுகிறது. 1639 வரை எட்டுப் பதிப்புகள் கண்ட நாடகம் இது. 1667-இல் எலிசபெத்தின் துன்பங்களைச் சொல்லும் நாடகம் ஒன்றைப் பார்த்த சாமுவேல் பீப்ஸ், தொட்டில் பருவத்திலிருந்தே அந்தச் சோகக் கதையில் ஊறியவன் என்பதால் கண்ணீர் வரும் நிலைக்கு ஆளானேன் என்று நாட்குறிப்பில் எழுதினார். நாற்பத்து நான்கு ஆண்டு ஆட்சி ஒரு சோகக் கதையாகத் தொட்டிலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஹேவுட் இரண்டாம் பாகமும் எழுதினார். அதில் ஸ்பெயின் படையெடுப்பும் டில்பரி முகாமும் உண்டு. ஆளும் எலிசபெத் அதில் இருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார். ஆனால் அந்த நாடகத்தின் பெரும்பகுதி வணிகர் தாமஸ் கிரஷாமுக்கும் அவர் கட்டிய வணிக மாளிகைக்கும் உரியது. அரசி வந்து திறந்து வைத்துப் பெயர் சூட்டுகிறார்.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியர் எழுதினார். 1613-இல், ஜான் ஃபிளெச்சரோடு சேர்ந்து, 'எட்டாம் ஹென்றி' நாடகத்தில். கடைசிக் காட்சியில் எலிசபெத் மேடைக்கு வருகிறார், பிறந்து சில நாளே ஆன கைக்குழந்தையாக. பெயர்சூட்டு விழா. பேராயர் கிரான்மர் அந்தக் குழந்தையைக் காட்டி, இது வளர்ந்து நாட்டுக்குத் தரப்போகும் நன்மைகளையெல்லாம் முன்னறிவிக்கிறார். கன்னியாகவே மறையும் என்கிறார். அதன் சாம்பலிலிருந்து எழப்போகும் ஆண் வாரிசையும் போற்றுகிறார். அந்த ஆண் வாரிசு அப்போது அரியணையில் இருந்த ஜேம்ஸ். தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் தம்மை ஆண்ட பெண்ணை, ஆங்கிலத்தின் மாபெரும் நாடகாசிரியர் துணியில் சுற்றிய குழந்தையாக ஒரே ஒருமுறை காட்டினார். அந்தப் பாத்திரத்துக்கு வசனம் இல்லை. அந்நாடகம் நடந்துகொண்டிருந்தபோதுதான் 1613 ஜூன் 29 அன்று குளோப் அரங்கம் தீப்பற்றி எரிந்தது.

6. சிறைக்கைதிக்குப் பின் பொறாமைக்காரி

பிற்காலத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறேன். 1800-இல் வைமாரில் அரங்கேறிய ஷில்லரின் 'மரியா ஸ்டூவர்ட்' எலிசபெத்தையும் ஜேம்ஸின் தாய் மேரியையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. வரலாற்றில் அவர்கள் ஒருமுறையும் சந்தித்ததில்லை. மேரி பத்தொன்பது ஆண்டுகள் இங்கிலாந்தில் காவலில் இருந்தும் எலிசபெத் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பாராமுகமே ஓர் ஆட்சித் தந்திரம். ஷில்லருக்கு அது போதவில்லை. இரண்டு பெண்கள் சந்தித்துச் சீற வேண்டியிருந்தது. முடிவில் மரண ஆணையின் பழியைச் செயலர் மேல் தள்ளிவிட்டு, லெஸ்டரும் கைவிட்டுப் போக, எலிசபெத் தனியாக நிற்கிறார். அந்த நாடகத்தின் ஆற்றலை நான் மதிக்கிறேன். ஆனால் டொனிசெட்டியின் இசை நாடகங்களுக்கும் எத்தனையோ கதைகளுக்கும் அது திறந்துவிட்ட வழி ஒன்றுதான்: ஆட்சியின் முடிவுகளெல்லாம் காதலின் ஏமாற்றத்திலிருந்து பிறந்தவை என்ற வழி.

1953 ஜூன் 8, இரண்டாம் எலிசபெத் முடிசூடிய ஆறாம் நாள். பெஞ்சமின் பிரிட்டனின் 'குளோரியானா' லண்டனில் அரங்கேறியது. அதில் எசெக்ஸ் அரசியின் அறைக்குள் பாய்ந்து நுழைந்து, பொய்முடி இல்லாத நரைத்த கிழவியாக அவரைக் காணும் காட்சி உண்டு. 1599 செப்டம்பரில் எசெக்ஸ் அப்படி நுழைந்தது உண்மை. புது அரசியின் முன் வந்திருந்த கூட்டம் அதை ரசிக்கவில்லை. எனக்கோ அந்தக் காட்சியில் பரிவு தெரிகிறது. இருந்தும் கேட்கத் தோன்றுகிறது: ஏன் மறுபடியும் இந்த அறை, ஆலோசனை மன்றம் கூடிய அறை ஏன் இல்லை? சேகர் கபூர் 1998-இல் எடுத்த படமும் கூந்தலை வெட்டி, முகத்தில் வெண்பூச்சுப் பூசி, பெண்மையைப் பலியிட்ட சிலையாக அவர் மாறும் இடத்தில் முடிகிறது. ஹேவுட் போலவே, ஆட்சி நிலைபெறும் இடத்தில் திரை விழுகிறது.

நாடகத்துக்குத் துன்பம் வேண்டும், நிர்வாகம் நாடகமாகாது என்பார்கள். நான் ஏற்கவில்லை. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி ஆள்கிறான், ஆலோசிக்கிறான், போர் தொடுக்கிறான், வெல்கிறான், இடையில் ஒரு பெண்ணையும் மணம் பேசுகிறான். நானூறு ஆண்டாக அரங்கு நிறைகிறது. ஆண் ஆள்வதைப் பார்க்கப் பழகிய கண் பெண் ஆள்வதைப் பார்க்கப் பழகவில்லை. குறை நாடகக் கலையில் இல்லை.

7. பெயரும் அதிகாரமும் சேர்ந்த இடம்

பெயரும் அதிகாரமும் சேர்ந்தே வருகிற எழுத்து இருக்கிறதா என்று தேடியபோது எனக்குக் கிடைத்தவர்கள் பெண்கள். 1630-இல் டயானா பிரிம்ரோஸ் என்ற பெயரில் 'முத்துமாலை' என்றொரு சிறு நூல் வந்தது. அரசியின் பத்துக் குணங்கள் பத்து முத்துகள். கற்பும் உண்டு. விவேகம், நீதி, துணிவு, கல்வி ஆகிய நான்கும் தனித்தனி முத்துகளாக உண்டு. ஆளத் தேவையானவை அவை.

ஆன் பிராட்ஸ்ட்ரீட் 1630-இல் கணவரோடும் பெற்றோரோடும் கப்பலேறி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்குப் போனவர். காட்டோரக் குடியிருப்பில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதினார். 1643-இல் எலிசபெத்தைப் பாடினார். அரசி இறந்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. அவரிடம் கேட்டுப் பெற இந்தப் பெண்ணுக்கு எதுவும் இல்லை. ஸ்பென்சரின் கவிதையாலும் காம்டனின் வரலாற்றாலும் இவரை அடக்க முடியாது என்கிறார். காதலனும் இல்லை, பொய்முடியும் இல்லை. ஸ்பெயினை முறியடித்தவர், அயர்லாந்தை அடக்கியவர், நாட்டைச் சீராக வைத்தவர் என்று ஆட்சியின் கணக்கை வரிசையாகச் சொல்கிறார். அயர்லாந்தில் நடந்த கொடுமைகளை அறிந்த இன்றைய வாசகராக அந்த வரிசை முழுவதையும் நான் கொண்டாட முடியாது. ஆனால் அவர் கொண்டாடுவது ஓர் ஆட்சியாளரை என்பதில் ஐயமில்லை. பெண்களுக்கு அறிவில்லை என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நேராகவே கேட்கிறார்.

அந்தக் கவிதை அடங்கிய நூல் 1650-இல் லண்டனில் அச்சானது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியிருந்தது. முந்தைய ஆண்டு ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டி முடியாட்சியையே நீக்கியிருந்தார்கள். மேடையும் இல்லை, அரியணையும் இல்லை. கடல் கடந்துபோன ஒரு பெண்ணின் புத்தகம் லண்டன் கடைகளில் விற்பனைக்கு இருந்தது. அதில் எலிசபெத் தன் பெயரோடு ஆண்டுகொண்டிருந்தார்.